துரை நெற்றியில் ஏறிய திருமண்

ஜெபகனி பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குத்தான் அவள் எப்பேர்ப்பட்ட தொல்லை என்பது தெரியும். தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். அதன் மாடியில் கடலைப் பார்த்த ஒரே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். ஆளுக்கொரு டைப்ரைட்டர். நான் கிருஷ்ணவேணி, ஆழ்வார்திருநகரிக்காரி, வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். அவள் நாசரேத்காரி, உபதேசியார் எஸ்றாவின் கடைசிப் பெண். அவளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான்தான் எழுத வேண்டும். வேறு யாராவது எழுதினால் நல்லவள், அமைதியானவள், கர்த்தருக்குப் பயந்தவள் என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நல்லவள்தான், யார் இல்லை என்றது? அமைதியானவளாம். அவள் மெஷின் சத்தத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கவேண்டும்.

அவளுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் எழுத்துக் கணக்குத்தான். ஜவுளிக்கடைப் பலகையைப் பார்த்தால், இது ஒரு வரியில் அடங்காதே, இரண்டாய் உடைக்கவேண்டுமே என்பாள். பஸ்ஸில் எதிர் ஸீட்டில் ஒரு தடித்த ஆள் உட்கார்ந்தால், அவர் அகலத்துக்கு எத்தனை எழுத்து விழும் என்று என் காதில் சொல்லுவாள். அவர் திரும்பி என்னைத்தான் முறைப்பார். சிரித்தது நான்தானே.

இந்தக் கணக்கு என்ன என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. ஜெபகனியின் மெஷின் பைக்கா. எழுத்து பெரிசு, ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து விழும். என் மெஷின் எலைட். எழுத்து பொடிசு, அதே அங்குலத்தில் பன்னிரண்டு. அதனால் ஆபீஸ் மேனேஜரான வெள்ளைக்காரத் துரை கையெழுத்துப் போடும் அழகான கடிதங்களெல்லாம் அவளுக்கு. ஒரு கப்பலின் சரக்கு மொத்தத்தையும் ஒரே தாளில் திணிக்கவேண்டிய மேனிபெஸ்ட் எல்லாம் என் தலையில். இரண்டு மெஷினுக்கும் ஒரு குணம் மட்டும் பொது. ஒல்லியான i விழுந்தாலும் குண்டான m விழுந்தாலும் ஒரே அளவு இடம்தான் தரும். ரயில் பெஞ்சில் ஆளுக்கு இவ்வளவு என்று கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. i காலை நீட்டி உட்காரும், m இடுக்கிக்கொண்டு உட்காரும். கர்த்தருக்கு முன்னால் எல்லாரும் சமம் என்பது இந்த மெஷினுக்குத்தான் புரிந்திருக்கிறது என்பாள் ஜெபகனி. அந்த m-ஐக் கேட்டுப் பார் என்பேன் நான்.

அவள் வந்து சேர்ந்தது ஐம்பத்தேழாம் வருஷம், கோடை முடிகிற சமயம். ஒரு தகரப் பெட்டி, ஒரு பைபிள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த சான்றிதழ். மிஷன் ஹாஸ்டலில் ஒரு கட்டில். அவளுடைய அப்பா அனுப்பியதே அரை மனசோடுதான். கிறிஸ்மஸுக்குள் வேலை நிரந்தரமானால் சரி, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து டீச்சர் டிரெயினிங் சேரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மற்றப் பெண்களாக இருந்தால் டீச்சர் வேலை என்றதும் துள்ளிக் குதிப்பார்கள். ஜெபகனிக்கு அதைக் கேட்டாலே முகம் செத்துப்போகும். அவளுக்கு அந்த மெஷின் வேண்டும், அந்த ஜன்னல் வேண்டும், சம்பளத்தில் தானே வாங்கிய செருப்புப் போட்டுக்கொண்டு பீச் ரோட்டில் நடக்கவேண்டும். ஆசை அவ்வளவுதான். அந்த ஆசைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மனுஷர் உட்கார்ந்திருந்தார்.

ஹெட்கிளார்க் சுதர்சனம். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். முன்னந்தலையைச் சிரைத்துப் பின்னால் சின்னக் குடுமி, வட்டக் கண்ணாடி, நெற்றி நிறையத் திருமண். முகம் என்ன நீளம் என்கிறீர்கள்! அவர் நிமிர்ந்து பார்த்தாலே, நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம், என்ன தப்பென்று இனிமேல்தான் தெரியவரும் என்று தோன்றும். புரொபேஷனில் இருப்பவர்களை நிரந்தரமாக்குவது துரை கையெழுத்தானாலும், இவர் எழுதும் குறிப்பைப் பார்த்துத்தான் துரை பேனாவை எடுப்பார். பாழான தாளைக் கிழித்துப் போடவிட மாட்டார். அதன் பின்பக்கத்தில் நகல் எழுதவேண்டும். ரிப்பன் வெளுத்துப்போனால் தலைகீழாகத் திருப்பிப் போட்டு அடிக்கவேண்டும். புதுத் தாள் கேட்பதற்கு அவர் சொத்தில் பங்கு கேட்டுவிடலாம்.

அப்படிப்பட்டவருடைய ரிப்பனில்தான் ஜெபகனி படம் வரைந்தாள். ஆமாம், டைப்ரைட்டரில். முதலில் தாள் ஓரத்தில் x-ஆல் பூ. பிறகு ஒரு நாள், பாழான தாளின் பின்பக்கத்தில் ஒரு தோணி. சாய்கோடுகளால் பாய், M-களை நெருக்கி அடித்து உடம்பு, கீழே அடைப்புக்குறிகளைப் படுக்கப் போட்ட மாதிரி அலை. கப்பல்கள் கரைக்கு வர முடியாத காலம் அது. நாலைந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கெல்லாம் தோணியில்தான் போய்வரும். ஜன்னலில் பார்த்ததை அப்படியே அடித்திருந்தாள். சத்தியமாக அழகாய் இருந்தது. அதைச் சுதர்சனம் பார்த்துவிட்டார். தாளைக் கையில் எடுத்தார், ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் நாசரேத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று தானே விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். சத்தமாகச் சொல்லவில்லை. அவர் எதையுமே சத்தமாகச் சொன்னதில்லை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். இவள் இருந்தாளா? ஐப்பசி மாதம், துரை சீமைக்கே திரும்பிப் போகிறார் என்று செய்தி வந்தது. ஆபீஸ் முழுக்கப் பணம் சேர்த்து வெள்ளித் தட்டு வாங்கினார்கள். ஜெபகனிக்கு வேறு யோசனை. துரை முகத்தை மெஷினில் அடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கவேண்டும். துரை நல்ல மனுஷர்தான், நான் மறுக்கவில்லை. பணியாரம் மாதிரி உருண்டை முகம், வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, வாயில் பைப். தூரத்துக் கப்பலைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்துப் புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு விழுந்திருக்கும். புரொபேஷன் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், வாயை மூடிக்கொண்டு இரு, உன் தலையில் என்ன களிமண்ணா என்று நான் கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுநாள் கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள், கட்டம் போட்டது.

அவள் வழி இதுதான். ஆபீஸ் குரூப் போட்டோவைப் பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் துரை முகத்தைப் பென்சிலால் வரைந்தாள். ஒரு கட்டம், ஓர் எழுத்து. இருட்டான இடத்துக்கு M, அதைவிடக் கொஞ்சம் வெளிச்சத்துக்கு o, கன்னத்துக்குப் புள்ளி, நெற்றிக் கோட்டுக்குச் சின்ன l. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் காலியானதும், மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டு வந்தாள். கிட்டேயிருந்து பார்த்தால் வெறும் எழுத்துக் குப்பை. தள்ளி வைத்தால்தான் முகம் தெரியும். தாளோ மெஷின் உருளையில் சுற்றிக்கிடக்கிறது, எங்கே தள்ளி வைப்பது? எந்தத் தாளை மாட்டினாலும் அடியில் கார்பன் வைத்து இன்னொரு தாளும் மாட்டுவாள், அது பழக்கம். கார்பன் இல்லாமல் கை ஓடாது என்பாள்.

வழுக்கை முடிந்தது. நெற்றி முடிந்தது. கண்ணும் கண்ணாடியும் முடிந்தன. மூக்கு நுனிக்கு வந்தபோது, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்த சுதர்சனம் அவள் பின்னால் நின்றார்.

தாளைப் பிடிக்கும் நெம்புகோலைத் தளர்த்தாமலே சர்ரென்று உருவினார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. மேல்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மடிக்காமல், வளைக்காமல், அப்படியே தன் அறைக்குக் கொண்டுபோனார். கார்பனும் அடித்தாளும் மேஜையில் கிடந்தன.

நான் அந்தக் கார்பன் நகலை எடுத்து ஜன்னல் சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தேன். பெருமாளே! அங்கே துரை இல்லை. சுதர்சனம் இருந்தார். அசல் சுதர்சனம். நீளமான முகம், சிரைத்த முன்னந்தலை, வட்டக் கண்ணாடி. துரையின் புருவத்து நடுவில் இருந்த இரண்டு கோடும் நெற்றியில் நெடுக ஏறித் திருமண்ணாக நின்றன.

ஜெபகனியை இழுத்துக்கொண்டுவந்து காட்டினேன். பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணக்கு நோட்டின் கட்டம் சதுரம். மெஷினில் ஓர் எழுத்தின் இடம் சதுரமா? அகலத்தில் அங்குலத்துக்குப் பத்து விழுகிறது, உயரத்திலோ அங்குலத்துக்கு ஆறு வரிதான். ஒவ்வொரு கட்டமும் அகலத்தைவிட உயரம் கூட. அகலம் அப்படியே நிற்க, முகம் மட்டும் கீழே கீழே நீண்டுகொண்டே வந்திருக்கிறது. உலகத்தில் எல்லாரையும் எழுத்தாய் எண்ணுகிறவளுக்கு இந்த ஒரு கணக்கு மறந்துபோயிற்று. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்லவேளை என் எலைட் மெஷினில் அடிக்கவில்லை, இன்னும் நீண்டு குதிரையே வந்திருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏளா, நான் அவரக் கேலி பண்ணி வரஞ்சிருக்கேன்னுல்லா நெனச்சிருப்பாரு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ரிப்பனை வீணாக்கியது ஒரு குற்றம். ஹெட்கிளார்க் மூஞ்சியை, திருமண்ணோடு, கேலிப்படமாய் அடித்தது அதற்கு மேல் குற்றம். எந்தக் குற்றத்துக்கு அனுப்பினாலும் பஸ் நாசரேத்துக்குத்தான் போகும். அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போய்ப் பெட்டியில் துணியை அடுக்கியே வைத்துவிட்டாள், பாவம்.

மறுநாள் முழுவதும் சுதர்சனம் எங்கள் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த நாள், வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். கையில் அந்தத் தாள். ஜெபகனி எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாது. அவர் தாளை அவள் மேஜையில் வைத்தார், சுருக்கமில்லாமல் நீவிவிட்டார்.

"மூக்கோட நிறுத்திட்டே. வாய் எப்போ வரும்?" என்றார்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். அவருக்கு ஒரே பெண், ஆதிலக்ஷ்மி. ஆவணியில் கல்யாணமாயிற்று, மாப்பிள்ளைக்கு ஜாம்ஷெட்பூரில் வேலை, திங்கட்கிழமை ரயிலேறுகிறாள். கொண்டுபோக அப்பா படம் ஒன்று கேட்கிறாள். அவரிடம் படமே கிடையாது. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவருடைய அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். ஆபீஸ் குரூப் போட்டோ எடுக்கும் போதெல்லாம் அவர் நாற்காலி ஒழுங்குபண்ணுகிற சாக்கில் விலகிக்கொள்வாராம். யோசித்துப் பார்த்தால் நிஜம்தான், ஒரு படத்திலும் அவர் இல்லை. பெண் கல்யாணத்திலும் அப்படியே விலகியிருக்கிறார்.

"இது போட்டோ இல்லையே. சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவியோ?" என்று கேட்டார். பதிலுக்குக்கூட நிற்காமல், வெட்கப்பட்டுக்கொண்டு போனார். சுதர்சனம் வெட்கப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல காலம் ஒரு மனுஷிக்கு வருமா? கீழே இரண்டு உதடு, ஒரு தாடை அடித்துக் கொடுத்தால் போதும். அவருக்கும் சந்தோஷம், பெண்ணுக்கும் சந்தோஷம், வேலையும் நிரந்தரம். தாளைத் திரும்ப மாட்டும்போது பழைய வரியில் இம்மி பிசகாமல் உட்காரவேண்டும், இல்லாவிட்டால் மூக்குக்குக் கீழே முகம் வெட்டுப்பட்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு மட்டும் நான் உதவி செய்கிறேன் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தேன். ஜெபகனி மெஷினைத் தொடவில்லை.

அது அவர் கண் இல்லையாம். துரை கண்ணாம். அந்தப் பெண் அவ்வளவு தூரம் போய், தினமும் துரை கண்ணைப் பார்த்து அப்பா என்று நினைத்துக்கொள்வாளே என்றாள். நினைத்துக்கொள்ளட்டுமே, கண்ணாடிக்குள்ளே இருப்பது வெறும் o-தானே, துரைக்கு ஒரு o, ஐயங்காருக்கு ஒரு o-வா என்று நான் எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னால் அவர் முகம் என்ன ஆகும், உன் வேலை என்ன ஆகும், யோசித்தாயா என்றேன்.

"யோசிச்சேன். பொய்ச்சாட்சி சொல்லிட்டு இந்த ஜன்னல் பக்கம் எப்பிடி உக்காருவேன்?" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அழுதுகொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் அறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். இவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

தாளை அவர் முன்னால் வைத்துச் சொன்னாள்: "சார், இது நீங்க இல்ல. தொரைக்குப் பரிசா குடுக்கணும்னு அவுக போட்டோவப் பாத்து அடிச்சேன். கட்டம் கணக்குத் தப்பிட்டு. முகம் நீண்டுபோய் ஒங்கள மாதிரி ஆயிட்டு."

சுதர்சனம் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு தாளைப் பார்த்தார். "திருமண்?" என்றார்.

"அது தொரை நெத்திச் சுருக்கம், சார்."

"அப்படியா" என்றார்.

இரண்டு நாளாய் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, தன்னையும் ஒருத்தி உட்கார்ந்து பார்த்து இவ்வளவு சிரமப்பட்டு வரைந்திருக்கிறாளே என்று அந்த மனுஷர் எத்தனை சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அதுவரை அவரைப் பிடித்ததே இல்லை. அப்போது அவருக்காக அழலாம்போல இருந்தது. அவர் தாளை எடுத்து, ஓரம் பார்த்து ஒழுங்காய் அவளிடமே நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "ரிப்பன் ஆபீஸோடது. அதுக்கு நீங்க என்ன செஞ்சாலும் சரி, சார். ஆனா ஒங்க முகத்த நான் இன்னும் அடிக்கவே இல்ல. ஒங்களப் பாத்து அடிக்கணும். நீங்க எனக்கு முன்னால வந்து உக்காருவீங்களா?"

உட்காருவதா, போட்டோவுக்கே தான் உட்கார்ந்ததில்லையே என்றார் அவர். இது போட்டோ இல்லை, எழுத்து என்றாள் இவள். போட்டோப் பெட்டிக்கு முன்னால் நிற்காதே என்றுதான் அம்மா சொன்னாள், மெஷினுக்கு முன்னால் உட்காராதே என்று சொல்லவில்லை என்று யாருக்கோ வக்காலத்து வாங்குகிறமாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் எல்லாரும் போன பிறகு, சலவை மேல்வேஷ்டியைச் சரிபண்ணிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெபகனி இந்தத் தடவை வெள்ளைத் தாளில் தானே கட்டம் போட்டுக்கொண்டாள், ஒவ்வொரு கட்டமும் மெஷின் எழுத்தின் அளவுக்கு, அகலம் குறைத்து உயரம் கூட்டி. பென்சிலை எடுத்தாள். அவரோ கோயில் துவாரபாலகர்போல விறைத்துப்போய் இருந்தார். அவள் வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள். வரவில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஆதிலக்ஷ்மி சின்னப்பிள்ளையாக இருந்தபோது என்ன சேட்டை பண்ணுவாள் என்று கேட்டாள்.

அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் சொன்னார். அவர் ஊஞ்சலில் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் அவர் குடுமியைக் கொண்டுபோய் ஊஞ்சல் சங்கிலியில் கட்டிவிட்டதாம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதே என்று அலறியடித்து எழுந்தவர், குடுமியோடு ஊஞ்சலும் கூடவே வர, சமையலறை வரைக்கும் கேட்கும்படி கத்தியிருக்கிறார். சொல்லிக்கொண்டே சிரித்தார். மேல்வேஷ்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜெபகனி பென்சிலை எடுத்தவள் வைக்கவேயில்லை.

கட்டத்தைப் பார்த்து அவள் மெஷினில் அடித்து முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. நான் தாளை ஜன்னலில் சாய்த்து வைத்தேன். மூன்று பேரும் கதவருகில் போய் நின்று பார்த்தோம். அகலமான கன்னம், விரிந்த வாய், கண்ணோரத்தில் கொத்தாய்ச் சுருக்கம், நெற்றியில் அசல் திருமண். அந்த முகம் நீளமே இல்லை. ஒரு நாளும் நீளமாய் இருந்ததில்லை. நாங்கள்தான் அதைக் குனிந்த தலையோடு, பயந்த கண்ணோடு, கீழேயிருந்தே பார்த்து வந்திருக்கிறோம். அவரும் எங்கள் முன்னால் அதை ஒரு நாள்கூடச் சிரிக்க விட்டதில்லை. நான் அதை அவரிடமே சொல்லிவிட்டேன். வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

தாளைக் கிட்டே எடுத்துப் பார்த்தவர், இடது கீழ் மூலையில் விரலை வைத்தார். எந்த ஆபீஸ் கடிதமானாலும் அந்த மூலையில் சொன்னவர் இனிஷியல், ஒரு சாய்கோடு, அடித்தவர் இனிஷியல் போடவேண்டும் என்பது வழக்கம். பழக்கதோஷத்தில் ஜெபகனி அங்கே S/J என்று அடித்திருந்தாள்.

"நான் எங்கே டிக்டேட் பண்ணினேன்?" என்றார்.

"ஒங்க முகம்தான் சொல்லிச்சு சார். நான் அடிச்சேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். போகும்போது, ஆபீஸ் ரிப்பனில் ஆபீஸ் மனுஷனை அடித்தால் அதுவும் ஆபீஸ் வேலைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். புரொபேஷனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க யாருக்குத் தைரியம்?

திங்கட்கிழமை ஆதிலக்ஷ்மி படத்தோடு ரயிலேறினாள். துரை முகத்தையும் ஜெபகனி சரியான கட்டத்தில் புதிதாக அடித்து, பைப்போடு, வழியனுப்பு விழாவில் கொடுத்தாள். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, இவ்வளவு குண்டாகிவிட்டேனா, கப்பலில் சாப்பாட்டைக் குறைக்கவேண்டும் என்றார். வெள்ளித் தட்டைப் பியூன் கையில் கொடுத்துவிட்டு இதைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

ஜெபகனியின் பிற்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாக இருந்தாள் என்பதுதான். வில்பிரட் என்று ஒரு டிராயிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டாள். கையால் வரைவதுதான் படம் என்பார் அவர், மெஷினில் அடித்தால்தான் கோடு கோணாது என்பாள் இவள். பிள்ளைகள் பெரியவர்களாகும் வரைக்கும் அந்தச் சண்டை ஓயவில்லை. புதுத் துறைமுகம் கட்டிக் கப்பல்கள் கரைக்கே வந்தபோது, ஏஜென்சியில் எங்கள் இரண்டு பேருக்கும் கீழே ஏழெட்டு டைப்பிஸ்டுகள். அவர்கள் ரிப்பனில் பூ அடிப்பதைப் பார்த்தால் ஜெபகனி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். சத்தம் போடுவது நான். ரிடையராகி இப்போது தூத்துக்குடியிலேயே டூவிபுரத்தில் இருக்கிறாள். போன வாரம்கூட என்னைப் பார்த்து, உன் முகம் முன்னைவிட நாலு எழுத்து அகலம் கூடிவிட்டது என்றாள். வயசான பிறகும் தொல்லை போகவில்லை.

ஆனால் அந்த வருஷம் டிசம்பருக்குத் திரும்பவேண்டும். கிறிஸ்மஸுக்குச் சில நாள் இருக்கும்போது சுதர்சனம் அவளை நோட்டோடு கூப்பிட்டார். புது மேனேஜர் கையெழுத்துக்காக ஒரு கடிதம் சொன்னார், இவள் சுருக்கெழுத்தில் எழுதினாள். யாரோ ஒரு டைப்பிஸ்ட்டின் நடத்தையும் திருத்தமும் உண்மையும் திருப்தியாக இருப்பதால், ஜனவரி முதல் தேதியிலிருந்து அவர் நிரந்தரமாக்கப்படுகிறார் என்று இருந்தது. பெயரைக் கடைசியில்தான் சொன்னார்.

அவள் தன் இடத்துக்கு வந்து மெஷினில் தாளை மாட்டினாள். ஆயிரம் கப்பல் பெயரைத் தப்பில்லாமல் அடித்தவள், ஜெபகனி என்ற தன் பெயரில் ஓர் எழுத்தின்மேல் இன்னோர் எழுத்தை ஏற்றிவிட்டாள். கீழே பழக்கப்படி S/J போட்டு, அழுகையும் சிரிப்புமாய் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்தார்.

"புதுத் தாள் எடுத்துக்கோ" என்றார்.

உத்தரவைப் புதுத் தாளில் அடித்துக் கொடுத்தாள். பாழான தாளை, சுதர்சனம் போட்ட சட்டப்படி, அவள் தூக்கிப் போடவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதன் பின்பக்கத்தில், எல்லார் கண் முன்னாலேயும், பாய் விரித்த ஒரு தோணியை அடித்து அவர் மேஜையில் வைத்துவிட்டு ஊருக்கு அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் ரிடையராகிப் போகும் வரைக்கும் அது அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருந்தது.